கைதூக்கித் தோணி

உங்கள் அப்பா ஒருகாலத்தில் பிரதமராக இருந்தவர். சிரிக்க வேண்டாம். ஒருநாள் காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தேன். (சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பழையபடி பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.) உங்கள் அம்மா இந்தக் கதைக்குக் கையும் காலும் வைத்துச் சொல்லிச் சிரிப்பதால், நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன்.

அது சண்டைக் காலம். எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. பள்ளிக்கூடம் கிழக்கே, எழுவான்கரையில். இடையில் தோணியில்தான் கடக்கிற அகன்ற வாவி. அக்கரையில் இறங்கினால் ஆமிச் சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி: அடையாள அட்டையை விரலில் பிடித்து, கையைத் தூக்கி, காலை அகட்டி நின்றால்தான் தடவிப் பார்த்துப் போக விடுவார்கள். தோணிக்காரர்கள் முதலில் நெல்மூட்டையை ஏற்றுவார்கள், பிறகு சைக்கிளை, பிறகு ஆட்டை. மிச்சம் இடமிருந்தால் எங்களை. ஆட்டுக்குக் கூலி உண்டு, நாங்கள் ஓசி. (நானாக இருந்தாலும் ஆட்டைத்தான் ஏற்றியிருப்பேன்.) பிந்திப் போனால் பள்ளிக்கூடப் படலை பூட்டியிருக்கும்.

உங்கள் அப்பப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "படலைக்கு வெளியில நிண்டு என்னத்தடா படிக்கிறாய்? வாற தவணையும் இப்பிடித்தான் எண்டா, வட்டைக்கு வந்து வயலப் பார்."

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் தலைமைத்துவப் பயிற்சி என்று சொல்லி, பல பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்துப் பட்டணத்தில் மாணவர் பாராளுமன்றம் நடத்தியது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, சபாநாயகர் எல்லாம் உண்டு. அவையில் எந்தச் சட்டமூலம் நிறைவேறுகிறதோ, அதை உண்மையாகவே காசு கொடுத்துச் செய்து தருவோம் என்றார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, அதைக் கேட்டதும் என் கண்ணில் ஒரு தோணி வந்து நின்றது. ஆடு ஏறாத, மாணவர் மட்டும் ஏறுகிற தோணி.

என்னைப் பிரதமராக்கியது என் அறிவல்ல, தொண்டை. துறையில் நின்று அக்கரைத் தோணிக்காரரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. உரையை வயல் வரம்பில் நின்று எருமைகளுக்கு முன்னால் பழகினேன். அவை கைதட்டவில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை. அந்தளவில் எனக்குப் பெரிய துணிவு வந்துவிட்டது.

போகிற அன்று மச்சான் ஒருவரின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். அம்மா வழக்கம்போலப் படலைவரை வந்தா.

"மனே, சென்றியில கையத் தூக்கிட்டு நில்லு. வேற எதை மறந்தாலும் அத மறந்திராத."

"நான் இண்டைக்குப் பிரதமர் அம்மா."

"பிரதமரெண்டாலும் தூக்கு."

எதிர்க்கட்சித் தலைவர் காத்தான்குடிப் பக்கத்து நௌசாத். மெலிந்த ஆள், நல்ல நாக்கு. எங்கள் சட்டமூலம் தோற்றால் அவர்களுடைய கரப்பந்து வலையும் பந்துகளும் நிறைவேறும். அந்த நாளில் அவனுடைய ஊர்க்காரரும் என்னுடைய ஊர்க்காரரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஏன் என்று வளர்ந்தபிறகு கேளுங்கள், சொல்கிறேன். நாங்களும் அன்று காலையில் ஒருவரையொருவர் பார்க்காமல்தான் தேநீர் குடித்தோம்.

என் உரை நன்றாகத்தான் போனது. "ஆட்டுக்குக் கிடைக்கிற இடம் மாணவனுக்குக் கிடைக்க வேண்டும்" என்று நான் முழங்கியபோது மேசையில் தட்டினார்கள். நௌசாத் எழும்பி, "பிரதமர் ஆட்டோட கோபம் எண்டா அதுக்கு நாட்டிட காசச் செலவழிக்க ஏலாது" என்றான். அதற்கும் தட்டினார்கள், இன்னும் பலமாக.

வாக்கெடுப்பு வந்தது. கைகளை எண்ணுகிறவன் ரவி. பட்டணத்துப் பள்ளிக்கூட மாணவர் படையில் இருந்த கடேற் பெடியன். சபைக் காவலர் என்று அவனுக்குக் காக்கி உடுப்பும் தொப்பியும் பூட்சும் போட்டுவிட்டிருந்தார்கள். ஆதரவானவர்களை முன்னால் நின்றே எண்ணினான். நானும் வலக்கையைக் கம்பீரமாகத் தூக்கினேன். பதினைந்து. "தூர நிண்டு எண்ணினாச் சரிவராது" என்று எதிர்க்கட்சி கத்த, எதிரானவர்களை எண்ண எல்லா வரிசைக்குள்ளும் இறங்கி வந்தான்.

நான் அந்த நேரம் சபையில் இல்லை. மனதில் தோணிக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தேன். நீலமா, பச்சையா? பின்னால் டக் டக் என்று பூட்ஸ் சத்தம் வந்து என் பக்கத்தில் நின்றது. கடைக்கண்ணில் காக்கி.

மூளை தோணியில், கை சென்றியில். எழும்பி நின்றுவிட்டேன். இரண்டு கையும் மேலே போயின. கால்கள் தாமாக அகன்றன. சட்டையில் குத்தியிருந்த பாராளுமன்ற அட்டை எப்படியோ விரலிடுக்கில் இருந்தது.

ரவி ஒழுங்கான பிள்ளை. கையை எண்ணு என்றால் கையை எண்ணுவான். "பதினைஞ்சு, பதினாறு" என்று என்னுடைய இரண்டையும் எண்ணி முடித்தான்.

சபாநாயகராக இருந்த சுகந்தி தாளைப் பார்த்து வாசித்தாள்: "ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு பதினாறு. சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டது."

ஓரமாக இருந்த எங்கள் பள்ளிக்கூடக் கணக்குச் சேர் எழும்பினார். "இருபத்தொன்பது பேருக்கு எப்பிடிப் பிள்ள முப்பத்தொரு கை?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் அப்போதும் கையைத் தூக்கியபடிதான் நின்றேன். (போகலாம் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே!) மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. "தனக்கு எதிராத் தானே ரெண்டு வோட்டுப் போட்டிட்டாரு!" என்று ஒருவன் கத்தினான். எனக்குத் தோணியும் போய், படிப்பும் போய், வட்டையில் எருமைகள் வரிசையாக நின்று வரவேற்பது தெரிந்தது.

அப்போது நௌசாத் எழும்பினான். இன்னும் ஏதோ குத்தப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சபாநாயகர் அவர்களே, பிரதமர் எங்களுக்கு வோட்டுப் போடல்ல. உடுப்பக் கண்டதும் செக் பண்றாங்க எண்டு நினைச்சிட்டார். வாப்பாவோட பஸ்ஸில போகக்குள்ள எனக்கும் கை இப்பிடித்தான் தன்பாட்டில போகும்."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்படிக் கை தூக்காத பிள்ளை அந்த மண்டபத்தில் யார்? ரவி மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

சுகந்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். இப்படிப்பட்ட பிரதமருக்கு விதி ஒன்றும் அவளுடைய புத்தகத்தில் இல்லை. "திரும்ப எண்ணுவம்" என்றாள். ஆதரவானவர்கள் என்று கேட்டதும் முதலில் எழும்பியது நௌசாத். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு!

"டேய், நம்மட பந்து நெட்டு?" என்று அவனுடைய கட்சிக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நெட்ட வெச்சி வாவியக் கடக்கேலுமாடா?"

பிறகு யார் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். கணக்குச் சேரே எண்ணுவதைக் கைவிட்டார்.

தோணி வந்தது. பக்கத்தில் நிறுவனத்தின் பெயரை நீளமாக எழுதியிருந்தார்கள். அதை யார் வாசித்தார்கள்? "கைதூக்கி வெளிக்கிடுது, ஓடி வாங்க மனே!" என்றுதான் தோணிக்காரர் கூப்பிடுவார். அந்தத் தோணியில் ஏறித்தான் நான் உயர்தரம்வரை படித்தேன். அப்பப்பாவும் என்னை வட்டைக்குக் கூப்பிடவில்லை. (உயர்தரப் பரீட்சை முடிவைப் பார்த்த அன்று மட்டும் ஒருதரம் கூப்பிட்டார்.)

இப்போது வாவிக்கு மேலே பாலம் வந்துவிட்டது. நௌசாத் மாமா பெருநாள் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, நம்முடைய படலையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாரே, "பிரதமரே, செக் பண்ணிட்டு உள்ள விடுங்க" என்று? ஏன் என்று கேட்காமலே நீங்கள் ஓடிப்போய் அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டு டொபி மிட்டாயை எடுப்பீர்கள்.

ஒருவர் கையைத் தூக்கி நின்றால் அவருடைய பையில் டொபி இருக்கும் என்றுதான் நீங்கள் நினைத்து வைத்திருக்கிறீர்கள். அப்படியே நினைத்துக்கொண்டிருங்கள், பிள்ளைகளே. அதற்காக நான் இன்னும் எத்தனை தரமும் தோற்பேன்.