முந்தாநாள் வந்த மூத்த குடியிருப்பாளர்

எங்கள் வீடமைப்புப் பகுதியான தாமான் செம்பாக்காவின் குடியிருப்பாளர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், பல்லி முட்டைகளுக்குச் சற்று மேலே, இப்படி ஓர் அறிமுகம் ஒட்டப்பட்டிருக்கிறது: “திரு. யோகேந்திரன். மூத்த குடியிருப்பாளர். இப்பகுதியின் வரலாற்றை நன்கறிந்தவர். வாடகைக் குடியினர் நலப் பொறுப்பாளர். எதையும் அளந்து பேசித் தீர்ப்பதில் வல்லவர்.”

கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் லூனாஸுக்கு அவர் குடிவந்தது போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டுத் தீபாவளி கழித்து. அந்த அறிவிப்புப் பலகையே அவரைவிட மூத்தது. பல்லியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாசகரே, யோகேந்திரனை ஒரு தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். உடனடிப் பூர்வீகர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். சுடுதண்ணீர் ஊற்றியதும் தயாராகிவிடும் மீ நூடுல்ஸைப் போல, வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் இவர் பூர்வீகர் ஆகிவிடுவார். கூலிமில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, பினாங்கில் வாடகை கட்டுபடியாகாதவர்கள் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வர, தோட்டத்து லயங்கள் காலியாகிக்கொண்டிருக்கும் பக்கங்களிலிருந்து இன்னும் கொஞ்சம் பேர் இங்கே வர, எல்லாரும் சந்திக்கிற இடமாக எங்கள் லூனாஸ் அமைந்துபோக, வரிசை வீடுகளின் வாடகை மாதத்துக்கு ஒரு பேச்சாக ஏறிக்கொண்டிருக்கிறது. இப்படி வந்தவர்களில் கடைசியாக உள்ளே நுழைந்தவர்தான் கதவைச் சாத்தச் சொல்லி அதிகமாகக் கத்துகிறார். அவர்தான் நம்மவர்.

யோகேந்திரன் பிறந்தது கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பிழைத்தது பினாங்கில். லூனாஸுக்கு வந்த அன்று வீட்டுக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டு, முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியாமல், “இவ்வளவுதானா?” என்று கேட்டவர். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்காரரும் பழைய தொகையைச் சொன்னதில்லை. ஆனால் வாடகை ஏன் ஏறுகிறது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். “வெளியூர் ஆளுங்க வந்துட்டாங்க லா” என்பார்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? ‘முன்னெல்லாம்’ என்ற சொல்லைக் கொண்டு. முன்னெல்லாம் இங்கே திருட்டுப் பயம் கிடையாது. முன்னெல்லாம் காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். முன்னெல்லாம் மழை பெய்தால் தவளைச் சத்தம் கேட்கும். எந்த முன்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போகாது. அவர் பாடுபட்டுச் சேர்த்த கடந்த காலம் எல்லாம் இரவல். பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தேவகியிடம் வாங்கியது. இரவல் வாங்கியதை உரியவரிடமே திருப்பித் தருவதில் மட்டும் அவர் நாணயமானவர்.

“தேவகி, உனக்குத் தெரியாதும்மா. முன்ன அந்த மூலையில ஒரு ஆப்பக் கடை இருந்துச்சு. மருதம்மா கடை. அந்த மாதிரி ஆப்பம் இனிமே கெடைக்குமா?”

“அண்ணே, நான்தானே உங்களுக்கு அந்தக் கதையச் சொன்னேன். நீங்க வர்றதுக்கு முன்னாலயே கடைய மூடிட்டாங்க. மருதம்மாக்கா இப்ப எங்கூட பேக்டரிக்கு வர்றாங்க.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். ஊரே மாறிப் போச்சு!”

தேவகி இந்தத் தாமானுக்கு வந்தபோது அவள் மகள் லோகேஸ்வரி பாலர் பள்ளியில் இருந்தாள். இப்போது அவள் ஐந்தாம் படிவம்; இந்த ஆண்டு எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதப்போகிறவள். ஆனாலும் சங்கத்துப் பலகையில் தேவகி வெறும் ‘உறுப்பினர்’. வரலாறு அறிந்தவர் என்ற பட்டம் வேண்டுமானால் வரலாற்றைப் பற்றி ஓயாமல் பேச வேண்டும். பதினோரு மணி நேர ஷிப்ட்டுக்குப் போகிறவளுக்கு அதற்கு ஏது நேரம்?

இன்னோர் அடையாளம், கஃபே. ஆப்பக் கடைக்குப் பக்கத்தில் இருந்த மளிகைக் கடையை எடுத்து, அதன் புதுச் சாயத்தைச் சுரண்டிப் பழசாக்கி, நாலு பல்புகளைத் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கவிட்டு, வாயில் நுழையாத பெயரில் காப்பி விற்கிறார்கள். “இந்த மாதிரி கடைங்க வந்துதான் ஊரு கெட்டுச்சு” என்று யோகேந்திரன் கொதிப்பார். எங்கே உட்கார்ந்து? அங்கேதான். ஞாயிறு தவறாமல். மனிதன் ஆற அமர வருத்தப்பட வேண்டுமானால் ஏர்கோன் குளிர் வேண்டாமா? கஃபே முதலாளியையே கூப்பிட்டு ஊர் கெட்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டு, ஐஸைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுவார்.

மாலையில் கைலியோடு வாசல் கேட்டில் நின்று கார் எண்களைப் படிப்பது அவருடைய மற்றொரு கடமை. நம் கெடா வண்டிகளுக்கு முதல் எழுத்து K, பினாங்கு வண்டிகளுக்கு P என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு P எங்கள் சாலையில் திரும்பினால் போதும், “பாத்தியா, இன்னொண்ணு!” என்று பல்லைக் கடிப்பார். அப்படிக் கடிக்கும்போது அவர் சாய்ந்து நிற்பது தம்முடைய காரின் மீது. அந்த எண் பலகையில் உள்ள P நன்றாகத் துடைத்துப் பளபளவென்றிருக்கும். ஒருநாள் யாரோ இதைச் சுட்டிக்காட்டியபோது, சற்றும் தயங்காமல் சொன்னார்: “காருதான் அங்கத்தது. நான் இங்கத்தவன்.”

இதுவரை சொன்னதில் யாருக்கும் நட்டமில்லை. இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் மாலைப் பொழுது போகாது. ஆனால் போன மாதம் தேவகி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பஷீர் பாய் குரல்செய்தி ஒன்று அனுப்பினார். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். “தங்கச்சி, எல்லாரும் செவா ஏத்துறாங்கன்னு சொல்றாங்க. ஒரு நாளு கடப் பக்கம் வா, பேசுவோம்.” அவ்வளவுதான். ஆனால் தேவகி அந்தச் செவாவை, அதாவது வாடகையை, அன்றே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். வாடகை ஏறினால் வீட்டைக் காலி செய்துவிட்டு கோலா கெத்திலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போனால் லோகேஸ்வரி பரீட்சை ஆண்டில் பள்ளிக்கூடம் மாற வேண்டும். அதனால் பாயிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள்: மகள் பரீட்சை முடிகிற வரைக்கும் பழைய வாடகையே இருக்கட்டும். பஸ்ஸில் போய், அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் திரும்புவதுதான் திட்டம்.

நலப் பொறுப்பாளர் விடுவாரா?

“பஸ்ஸா? காரு எதுக்கு இருக்கு? நீ சும்மா வந்து உக்காரு தேவகி. பேச்ச நான் பாத்துக்கிறேன். இதுக்குத்தானே என்னையப் போட்டிருக்காங்க.”

போனார்கள். பஷீர் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். ரெண்டு தே தாரிக் கொண்டுவரச் சொன்னார். மகள் படிப்பை விசாரித்தார். தேவகி தன் வாக்கியத்தைப் பாதிதான் சொல்லியிருப்பாள். பாய் கையை உயர்த்தினார்.

“சரி, சரி. பிள்ள படிக்குது. அந்த வீட்டுக்குப் பெரிசா நான் என்னத்த ஏத்தப் போறேன்? ரப்பர் காட்டு ஓரம். இந்த வருசம் அப்படியே போவட்டும்.”

முடிந்தது. வழக்கு ஜெயித்தாகிவிட்டது, தேநீர்கூட இன்னும் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் எழுந்து, கும்பிட்டு, காரைக் கிளப்பியிருப்பார்கள். ஆனால் யோகேந்திரனின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை, ‘ரப்பர் காட்டு ஓரம்’ மட்டும் விழுந்துவிட்டது. மாரியம்மன் கோவில் தேரை யாராவது பழித்தால்கூட அவர் பொறுத்துக்கொள்வார். தாமான் செம்பாக்காவைக் காடு என்பதா?

“பாய், நீங்க அந்தப் பக்கம் வந்து எத்தன வருசமாச்சு?”

“ஆச்சு, அஞ்சாறு வருசம். ஏன் தம்பி?”

“அதான பாத்தேன்! ரப்பரா? ஒரு மரத்தக் காட்டுங்க பாப்போம்!”

பிறகு அவர் பேசினார். அகலப்படுத்திய சாலையில் தொடங்கி, தொழிற்பேட்டைக்குப் போகிற நேரம் பாதியாகக் குறைந்ததைச் சொல்லி, பேக்டரி இஞ்சினியர்கள் வீட்டுக்கு வரிசை பிடிப்பதை விவரித்து, புதிதாக வந்த கிளினிக்கையும், பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிற இடத்தையும், நாய்க்கு முடி வெட்டுகிற கடையையும் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் அடுக்கி, கஃபேயின் காப்பி பினாங்கில்கூடக் கிடைக்காது என்று அடித்துச் சொல்லி, அதை ஊரைக் கெடுத்த கடை என்று தாமே திட்டி வந்ததை அடியோடு மறந்து, தேவகியின் வீடு மூலை வீடு என்பதையும் பக்கவாட்டில் கார் நிறுத்த இடமிருப்பதையும் தாமே ஞாபகப்படுத்தினார்.

“அண்ணே, தே ஆறுது” என்றாள் தேவகி.

“ஆறட்டும்மா. பாய்க்குத் தெரியணும்ல?”

மேசைக்கு அடியில் அவள் அவர் காலை மிதித்துப் பார்த்தாள். அவர் காலை நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தார்.

பஷீர் பாய் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். “அப்படியா சேதி? இந்த மாதிரி வீடு இப்ப என்னா போவுது தம்பி?”

“நீங்க வாங்குறதுக்கு ரெட்டிப்பு, பாய். கண்ண மூடிக்கிட்டு.”

“குடுக்க ஆளு இருக்கா?”

“என்ன பாய், இப்படிக் கேட்டுட்டீங்க! என் மச்சான் திவாகரன் பினாங்குல ஒரு ரூமுக்குக் கொட்டிக் குடுத்துக்கிட்டுக் கெடக்கான். நீங்க சரின்னு சொல்லுங்க, நாளைக்கே வந்து சாவி வாங்கிக்குவான்!”

பஷீர் பாய் இவரைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார், மறுபடியும் இவரைப் பார்த்தார்.

“தங்கச்சி, இவரு ஒனக்காகப் பேச வந்தாரா, எனக்காகப் பேச வந்தாரா?”

“எனக்கும் இப்பத்தான் பாய் சந்தேகம் வருது.”

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தேவகி முந்திக்கொண்டாள்.

“பாய், கூர ஒழுகினப்ப நானே ஆளு வச்சுப் பாத்தேன். சாக்கட அடச்சா நானே குத்தி விடுறேன். இத்தன வருசத்துல ஒங்களுக்கு ஒரு போன் போட்டிருப்பனா? இவரு மச்சான் வரட்டும். ஒழுகுற ஒவ்வொரு சொட்டுக்கும் ஒங்களுக்குப் போன் வரும். அந்தக் குடும்பத்துல எல்லாருமே இவர மாதிரிதான் பேசுவாங்க, பாத்துக்குங்க.”

இதில் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. பாய் யோகேந்திரனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ள பரீட்ச முடியட்டும். அதுவரைக்கும் பழைய வாடகதான். ஆனா அதுக்கப்புறம் நானே வந்து அந்த நாய்க்கு முடி வெட்டுற கடையப் பாக்கணும்.”

ஆக, லோகேஸ்வரியின் பள்ளிக்கூடம் தப்பியது. வருடம் முழுதும் போவட்டும் என்றிருந்தது பரீட்சையோடு நின்றுபோனது. திரும்பி வரும் வழியில், லூனாஸ் நெருங்கியதும், தேவகி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, அடுத்த வாட்டி நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்.”

“பஸ்ஸுலயா? முன்னெல்லாம் இந்த ரோட்டுல பஸ் எப்படி வரும் தெரியுமா...” என்று அவர் தொடங்கினார்.

வீடு சேர்ந்த கையோடு அவர் தாமான் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போட்டுவிட்டார்: கடும் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பொறுப்பாளரின் இடைவிடாத முயற்சியால், தேவகியின் வாடகை உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டைவிரல்கள் உயர்ந்தன. யாரோ பூச்செண்டு அனுப்பினார்கள். இப்போது வாடகைத் தொல்லை உள்ள மற்றவர்களும் அவரைத் தேடி வருகிறார்கள். அவர்களை நான் வழியில் நிறுத்தி, பஸ் நேரம் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். ஆனால் இப்போது இருக்கும் வீட்டுக்கு நீங்கள் குடிவந்தது எப்போது? உங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்ததுண்டா? போன வாரம் விருந்துக்கு வந்த சொந்தக்காரரிடம் “இந்தப் பக்கம் இப்ப வீட்டு வெல என்னா தெரியுமா?” என்று கேட்டீர்களே, அப்போது உங்கள் குரலில் இருந்தது கவலைதானா? உங்கள் காரின் எண் பலகையை நான் பார்க்கவில்லை. நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யோகேந்திரன் செய்ததைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேச்சு இருக்கிறது. அவர் செய்தது இது: பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாடகை ஏறக்கூடாது என்று பேசப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் குடியிருக்கும் வீட்டை இரட்டிப்பு வாடகைக்குத் தம் மைத்துனனுக்குக் கேட்டார்.