மாமி வீட்டில் அடங்காத பலகை

சாய்ந்தமருதில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர்கள் உண்டு. குளிக்கப் போனவர்கள் உண்டு. கடலின் மேல் எழும்பி நிற்பதற்கென்றே போனவர் உலகத்திலேயே எங்கள் பலகை மாப்பிள்ளை ஒருவர்தான். வேறு ஆட்களும் இருந்தார்களாம். அவர்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு மாமி இல்லை.

பொத்துவிலில் பிறந்து, தொண்ணூறுகளில் எங்கள் தெரு ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மற்றவர்கள் ஒரு பெட்டியோடு வருவார்கள். இவர் பெட்டியோடு, அலையேற வெள்ளைக்காரர்கள் கூடும் அறுகம்பேயில் ஒருவன் விட்டுப்போன ஒன்பதடி அலைப்பலகையையும் சுமந்து வந்தார்.

மாமி வீட்டு ஹோலில் அதைக் குறுக்கே வைத்தால் வாசல் அடைபடும். நெடுக்கே வைத்தால் அதன் மூக்கு குசினிக்குள் அடுப்பு வரைக்கும் போகும். மாமியின் இளைய மகளைப் பெண் பார்க்க வந்த ஒருத்தி அதை ஆட்கள் உட்காருகிற வாங்கு என்று நினைத்து உட்கார்ந்தாள். வழுக்காமல் இருக்க அவர் பூசியிருந்த மெழுகில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

“மருமகன், இந்த வீட்டுல ஒண்டில் நான் இரிக்கணும், இல்லாட்டி இந்தத் தோணி இரிக்கணும்.”

“இது தோணியில்ல மாமி.”

“தோணியெண்டாலும் ரெண்டு மீன் வந்திரிக்குமே!”

பெரிய பலகையில் நன்றாகப் பழகியவர்கள்தான் சின்னதுக்கு மாறுவார்களாம். இவர் அப்போதுதான் கரை நுரையில் தட்டுத்தடுமாறி நிற்கத் தொடங்கியிருந்தார். ஆனாலும் மாமிக்காக மாறினார். அறுகம்பேக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆறடிப் பலகை ஒன்றை மாற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நின்றோம். அக்கரைப்பற்றில் ஏறிய நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

“இது என்ன?” என்று ஆமிக்காரர் கேட்டார்.

“கடல்ல நிக்கிற பலகை, சேர்.”

“நிண்டு காட்டு.”

மாப்பிள்ளை பலகையைத் தார் ரோட்டில் வைத்தார். குப்புறப் படுத்து, துடுப்புப் போல இரண்டு கையாலும் ரோட்டை வலித்து, ஒரே துள்ளலில் எழும்பிக் கையை விரித்து நின்றார். ஆமிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸே கைதட்டியது.

ரோட்டில் நன்றாகத்தான் நின்றார். கடலில்தான் கோளாறு.

நான் கரைவலை இழுக்கிறவன். வாயில்லாப் பூச்சி என்று எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நானே பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்:

“என்ன மாப்பிள்ள, விழுந்துக்கிட்டே இரிக்கிறீங்க?”

“காக்கா, பெரிய பலகை எருமை, ஏறி நிண்டு சோறு தின்னலாம். இது ஆட்டுக்குட்டி. கைய வைக்கக்குள்ளயே கீழால நழுவுது.” அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஊர் சிரிப்பது மாமியின் காதுக்கும் போனது. “வெள்ளிக்கிழமைக்குள்ள இதுல நிக்காட்டி, கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போட்டுருவன்” என்றார். போடக்கூடியவர்தான். கூடும் கூரையில்லாமல்தான் இருந்தது.

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்த பின்னேரம், குடையோடு மாமியே கடற்கரைக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை விழுந்தார், விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். எங்கள் வலைக்காரன் ஒருவன் கத்தினான்: “மாமி, மருமகன் மீனுக்குச் சலாம் சொல்லப் போறார்!”

மாமி குடையை மடக்கி அவன் பக்கம் நீட்டினார். “நீ பொறந்த அண்டே எழும்பி ஓடினியாக்கும்! வாயப் பொத்துடா! எங்கட மருமகன் விழுவார், எழும்புவார், ஒனக்கென்ன?” பிறகு கடலைப் பார்த்து, அலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத அந்த மனுசி, “மருமகன்! கால முன்னுக்கு வைங்க!” என்று கத்தினார்.

பயத்திலோ என்னவோ, காலை முன்னுக்கு வைத்தார். நின்றார். இறால் மாதிரி வளைந்து, கையை எங்கெங்கோ விரித்து, சின்ன அலையொன்றில் கரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

கோழிகள் அந்த மாரியும் நனைந்தன.

கரை மணலில் இறங்கியவர், யாரோ “மாப்பிள்ளே!” என்று கூவிய பக்கம் திரும்பிச் சிரித்தார். கூவியது நான்தான். இரண்டு கையையும் தூக்கிக் கூவியதில் வலைக் கயிறு கையை விட்டுப் போய், பாதி மீன் தப்பியது. வலை முதலாளி சம்மாட்டி ஏசின ஏச்சு எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பு ஞாபகமிருக்கிறது.