மயிலில் ‘யில்’ இல்லை

“போஸ்டர்ல கார் எங்க?” என்று பௌசியா கேட்டாள்.

நோர்வூட் கடைவீதிச் சுவரெல்லாம் விடிவதற்குள் ஒட்டி முடித்திருந்த போஸ்டர் அது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், பச்சைக் கவுன் போட்ட ஒருத்தி, ஊதாக் கோட்டுப் போட்ட இன்னொருவன். மூன்று பேரும் மழை வருமா என்று பார்ப்பதுபோல் அண்ணாந்து நின்றார்கள். கீழே ‘ம’ என்று ஒரே ஓர் எழுத்து, அதற்கடியில் வீட்டு முகவரி. காரைக் காணோம்.

“காரப் போட்டா பழைய மாதிரி ஆகிடும் மாமி. இது கன்செப்ட்” என்றான் மருமகன் ரிஃகான். கட்டாரில் பெரிய பெரிய கார்களுக்கு எண்ணெய் மாற்றிவிட்டு வந்தவன்.

“கல்யாணத்துக்கு நாங்க வாடகைக்குக் குடுக்கிறது காரையா, கன்செப்ட்டையா?”

ரிஃகான் மாமனாரைப் பார்த்தான். இக்ராம் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்.

அவருக்கு வாய் திறக்க வழியில்லை. கார் நிற்கும் கொட்டிலில் கோழி வளர்ப்பதென்று பௌசியா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். கம்பி வலைகூட வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். நடராசா மாஸ்டர் மகள் தயானியின் கல்யாணம்தான் இக்ராமுக்குக் கடைசித் தவணை. அது நல்லபடி நடந்தால் மாஸ்டரைப் பார்த்து மற்ற வாத்திமார் வீடுகளும் காரைக் கேட்டு வரும். நடக்காவிட்டால் கார் கினிகத்தேனைப் பழைய இரும்புக் கடைக்கு, கொட்டில் கோழிக்கு.

அது சாதாரணக் காரா என்றால், இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன நீளக் கறுப்புக் கார். மூக்கில் பித்தளை மயில். ஊரில் அதற்குப் பெயரே மயில் கார். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் கல்யாணப் படம் இருக்கிற வீட்டிலெல்லாம் மணமக்களுக்குப் பின்னால் அந்த மயில் இருக்கும். அது கிளம்பினால் அடுத்த தோட்டத்தில் நாய் குரைக்கும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். முருகன் கோயில் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் இருமும், பிறகு நின்றுவிடும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து செல்லசாமி தலைமையில் ஒரு கூட்டம் ஓடிவந்து, அரோகரா போட்டுத் தள்ளி, கோயில் குழாயில் கை கழுவி, பந்தியில் உட்கார்ந்து எழும்பிப் போகும். மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொள்வார். இக்ராம் வெட்கத்தைத் துடைத்துக்கொள்வார்.

ஹட்டனில் குளிரூட்டிய ஜப்பான் வான்கள் வந்த பிறகு அந்த வெட்கத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. அப்போதுதான் ரிஃகான் சொன்னான்: “மாமா, எஞ்சினக் கழட்டி வீசுவோம். கொழும்புல சாமான் தூக்குற வண்டிட மோட்டார் ஒண்டு ஈக்கி. லொறி பெட்டரி வெச்சுப் பூட்டினா மலையையே ஏறும். சத்தமே வராது. பெட்ரோலும் வாணாம். கலர், பேர், எல்லாத்தயும் மாத்துவோம்.”

“மயில்?”

“மயில் பழசு மாமா. ‘யில்’ல எடுத்துட்டு ‘ம’வ மட்டும் வெப்போம்.”

அப்படித்தான் தொடங்கியது.

போஸ்டர் ஒட்டிய அன்று வந்த முதல் ஆள், கையில் துணியோடு வந்தார். “நானா, மஞ்சச் சட்ட மாதிரி ஒண்டு தைக்கணும். கழுத்துக் கொஞ்சம் லூசா.”

“இது தையக்கட இல்லங்க.”

“அப்ப ‘ம’ண்டா என்ன?”

இக்ராமுக்கும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் மேசைமேல் துணி மலையாகக் குவிந்தது. பௌசியா கம்பி வலையை எடுத்து அளந்து பார்த்தாள்.

“காரக் கண்ணால கண்டா சனம் வெளங்கிக்கும்” என்றான் ரிஃகான். அன்று பின்னேரமே காரைக் கடைவீதிக்கு இறக்கினார்கள்.

வயிற்றுவலிக்குக் குடிக்கிற மருந்தின் ரோஸ் நிறம். மூக்கு மொட்டை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. மரக்கறிக் கடைக்காரர் குனிந்து கரட் பொறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. அவர் கரட் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

சனம் கூடிவிட்டது. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை.

“என்னங்க மொதலாளி, பஞ்சுமுட்டாய் விக்கப் போறீங்களா?” என்றான் செல்லசாமி.

“இது கன்செப்ட் கார் தம்பி” என்றான் ரிஃகான்.

“கஞ்சிசெட்டா?”

“கன்செப்ட்.”

“அதான் கஞ்சிசெட்டு. பெட்ரோலுக்குக் கஞ்சத்தனம் பண்ணுனா அப்புடித்தான் பேரு வரும். அது சரி, ‘ம’ இருக்கு, ‘யில்’ எங்க?”

“யில் இல்ல.”

“அதத்தாங்க கேக்குறேன். ஏன் இல்ல? மயில் இல்லாம முருகன் கோயிலுக்கு வந்தா சாமி எதுல எறங்கும்? இந்த ஒங்க ‘ம’வுலயா?”

கூட்டம் சிரித்தது. அதுவரை அந்தக் காரை நினைத்தே பார்க்காதவர்கள்கூட அதற்காக உருகத் தொடங்கினார்கள். முடிவெட்டுகிறவர், எங்கப்பன் செத்தப்பகூட இப்புடி இருக்கல என்றார். கொழுந்துக் கூடையோடு வந்த காளியாயி காரைச் சுற்றி வந்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த பெரிய கை அவளுக்கு. பின்பக்க மட்காட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அடக்கமாகக் கேட்டாள்.

“ஏங்க மொதலாளி, இது நெசமாவே ஏத்தத்துல நிக்காதா?”

“நிக்கவே நிக்காது” என்றார் இக்ராம். அந்த நாளில் அவர் பெருமையோடு சொன்ன ஒரே வாக்கியம் அது.

காளியாயி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். கலர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

மறுநாள் நடராசா மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்ன இக்ராம், உது என்ன கலர்? பிள்ளையின்ர கூறைச் சீலையும் சிவப்பு. படத்திலை ஆளைக் கண்டுபிடிக்கேலாது.”

“மாத்திடலாம் மாஸ்டர்.”

“சண்டை நிண்டு பாதை திறந்து யாழ்ப்பாணத்திலையிருந்து சம்பந்தி ஆக்கள் முதல்முதல் வருகினம். பொம்பிளையின்ர கார் சத்தமில்லாமல் வந்து நிண்டால் என்ன நினைப்பினம்? களவாய்க் கூட்டிக்கொண்டு ஓடுறம் எண்டெல்லோ நினைப்பினம்.”

“சத்தமும் போட்டுடலாம்.”

“ஏற்றத்திலை நிக்காது எண்டு சொன்னீர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னும் வானுக்குச் சொல்லேல்லை. சனத்தின்ர கதையையும் கேட்டுச் சரிப்பண்ணும். ஊர் சிரிக்கிற காரிலை என்ர பிள்ளையை ஏத்தமாட்டன்.”

சனம் சொன்னதையெல்லாம் சரிப்படுத்துவதென்று இக்ராம் முடிவு செய்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

முதலில் நிறம். ரோஸின்மேல் கறுப்பு அடித்தார்கள். விடாத மழைக்காலம், பெயின்ட் காயவில்லை. ரோஸும் கறுப்பும் ஒன்றோடொன்று கலந்து, கார் கத்தரிக்காய் ஆனது.

பிறகு மயில். அது கொட்டில் கூரையில் கிடந்தது. பௌசியா தன் கோழிகளுக்குக் காவலாக முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்தாள். இறக்கிக் கொண்டுவந்து ஒட்டினார்கள். பழைய ஓட்டையில் இப்போது பெட்டரி வயர் போகிறது. அதனால் திருப்பித்தான் ஒட்ட முடிந்தது. மயில் ரோட்டைப் பார்க்காமல் இக்ராமைப் பார்த்தது.

“என்னங்க, மயிலு ஒங்களயே மொறைக்கிது?” என்றான் செல்லசாமி.

“பின்னால வார பொண்ணு மாப்புள்ளயப் பாக்குது” என்றான் ரிஃகான். “அதுவும் கன்செப்ட்தான்.”

“எல்லாம் சரிங்க. ஆனா இன்னும் என்னமோ கொறையுது.”

“என்ன குறையுது?”

செல்லசாமி காளியாயியைப் பார்த்தான். காளியாயி மலையைப் பார்த்தாள். “சத்தமுங்க” என்றான் செல்லசாமி கடைசியில்.

பழைய எஞ்சின் கொல்லையில் கிடந்தது. பௌசியா அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ரிஃகான் அதற்குப் பெட்ரோல் ஊற்றி உயிர் கொடுத்து, அந்த உறுமலைக் கசட்டில் பதிந்தான். காருக்குள் கசட் போட்டு, ஒலிபெருக்கியை மயிலுக்குக் கீழே பூட்டினான். சாவியைத் திருப்பினால் கசட் தானாகப் பாடும்.

வெள்ளோட்டம் விட்டார்கள். கார் கடைவீதிக்குள் கம்பீரமாக நுழைந்தது.

டப டப டப டப. நாய்கள் குரைத்தன. இக்ராமின் நெஞ்சு நிமிர்ந்தது.

டப டப டப. “இந்த மனுசனுக்கு ஒரு வேலயச் செல்லப் போனா நாலு தரம் செல்லணும்.” டப டப. “கோழி வேணாமாம், காராம். கார் முட்ட இடுமா?” டப டப டப டப.

கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து காருக்குள் பார்த்தார்.

“நானா, மதினி எஞ்சினுக்குள்ளயா ஈக்காங்க?”

இக்ராம் பல்லைக் கடித்துக்கொண்டு மருமகனிடம் திரும்பினார். “அந்தப் பேச்ச வெட்டித் தொலையேன்.”

“வெட்ட ஏலாது மாமா. அந்த எடத்துலதான் எஞ்சின் நல்லா உறுமுது.”

இனி மாற்ற நேரமில்லை. கல்யாண நாள் வந்துவிட்டது.

மழை விட்டிருந்தது. கத்தரிக்காய்க் காருக்கு மல்லிகைச் சரம் கட்டினார்கள். பின்னால் தயானியும் தோழியும். முன்னால் இக்ராம் ஓட்ட, பக்கத்தில் நடராசா மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. முன்னே மேளம், பின்னே வான் ஒன்றில் யாழ்ப்பாணத்துச் சம்பந்திகள். டப டப டப என்று கார் ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்தது.

ஏற்றத்தின் இரு பக்கமும் லயத்துச் சனம் நின்றது. எல்லோரும் தலைவாரி, தோய்த்த உடுப்புப் போட்டிருந்தார்கள். ஆண்கள் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார்கள். காளியாயி திருவிழாச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

‘பார்க்க வந்திருக்கிறார்கள்’ என்று நினைத்து இக்ராம் மிதித்தார்.

கார் ஏறியது. இருமவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டியது.

“சோக்கான கார்” என்றார் மாஸ்டர். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. “இண்டைக்கே பள்ளிக்கூடத்திலை எல்லாரிட்டையும் சொல்லுறன்.”

இக்ராமின் கண்முன் கோழிகள் ஒவ்வொன்றாகக் கொட்டிலைவிட்டு வெளியேறின.

அப்போது செல்லசாமி ஓடிவந்து நடு ரோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். பின்னால் லயமே வந்து நின்றது. இக்ராம் பிரேக்கை மிதித்தார்.

டப டப. “கார் முட்ட—”

கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி நிறுத்தினார். கசட் அடங்கியது. மேளம் அடங்கியது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது.

“வழிய விடு செல்லசாமி.”

“விட முடியாதுங்க மொதலாளி.”

“கறுப்புக் கேட்டீங்க, அடிச்சேன். மயில் கேட்டீங்க, ஒட்டினேன். சத்தம் கேட்டீங்க, ஏன்ட பொண்டாட்டி ஏசுறதையும் சேர்த்து ஊருக்கே போட்டுக் காட்டினேன். இன்னும் என்னதான் குறையுது?”

செல்லசாமி மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டான், மறுபடி மடித்தான்.

“இக்ராம், முகூர்த்தம் போகப்போகுது” என்று மாஸ்டர் காருக்குள்ளிருந்து கூப்பிட்டார். “காரை எடுமப்பா.”

இக்ராம் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காரின் பின்பக்கம் போய், தன் வழக்கமான இடத்தில், ஈரம் காயாத மட்காட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். பிறகு மாஸ்டருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“சாவி பைக்குள்ளயே கெடக்கட்டும் மொதலாளி. கலரு, மயிலு, சத்தமெல்லாம் நாங்க சும்மா சொன்னதுங்க. இது தானா ஏறிப் போச்சுன்னா, எங்கள யாரு கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க?”