நின்ற வண்டியின் தேய்மானம்

"பத்து மில்லிமீட்டர் இருந்தது. இப்போ நாலு. மிச்சம் ஆறு எங்க போச்சு?"

கழற்றி வைத்த சக்கரத்துக்குப் பக்கத்தில், அளவுகோலும் கையுமாக உட்கார்ந்திருந்தார் எடை அளவு ஆய்வாளர். கடைகடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அளந்த பிறகு யாரையும் நம்ப மாட்டார்.

"கார் வாசல்லதானே நிக்குது? நின்ன இடத்துல பிரேக் எப்படித் தேயும்?" என்றாள் மனைவி, ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே.

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, இருபத்திரண்டு வயது. ஊருக்கு வெளியே ரேஸ் டிராக் ஒன்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். அதில் ஒரே ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும் என்பது ஆய்வாளரின் கல்லூரிக் காலத்து ஆசை. ஆனால் காரைத் தயார் செய்யாமல் போனால் மானம் போய்விடுமே என்று எட்டு மாதமாகத் தயார் செய்துகொண்டே இருந்தார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த மாசக் கடைசி ஞாயிறு. அன்னைக்கு டிராக்குல ஓட்டுங்க. இல்லைன்னா திங்கட்கிழமை வித்துடறோம். அவ்வளவுதான்."

வீட்டோடு இருந்த மாமியார் இதில் தலையிடவில்லை. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கார் விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை "மெதுவா" என்பதுதான். கார் நின்றுகொண்டிருக்கும்போதே, "மெதுவா ஓட்டுங்க, மாப்பிள்ளை" என்பார்.

மெக்கானிக் வந்தார். "பழைய பிரேக் பேட் மட்டமா இருந்திருக்கும் சார். ரேஸ் பேட் போட்டுடலாம்."

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாக்கலாம்னா மீட்டரும் செத்துக் கிடக்குதே!"

"அதைச் சரி பண்ண டேஷ்போர்டைக் கழட்டணும். கழட்டலாம் சார், திரும்ப மாட்டறதுக்குத்தான் நான் பொறுப்பில்ல."

ரேஸ் பேட் போட்டார்கள். பிரேக்கைத் தொட்டால் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து அளந்தால், பேட் அப்படியே இருந்தது. பேட் அமுக்கும் டிஸ்க்தான் தேய்ந்திருந்தது.

டிஸ்க்கை மாற்றினால் டயரின் விளிம்பு துருவி எடுத்ததுபோல் இருந்தது. சக்கரக் கோணம் சரியில்லை என்று அதைத் திருத்தி, ரேஸுக்கென்றே வரும் மென்மையான புது டயர் நாலு போட்டார். பதினைந்தே நாளில் அவையும் போயின. இத்தனைக்கும் ஆய்வாளர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனை வரை இரண்டாவது கியரில் போய்த் திரும்பியதோடு சரி.

"எடை அதிகம், அதான் தேயுது" என்று பக்கத்து சீட்டையும் ஏசியையும் பிடுங்கிப் போட்டார்.

"நல்லதாப் போச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்து உக்காந்து எனக்கு வெறுத்தே போச்சு" என்றார் மாமியார். அன்று வியாழக்கிழமை. வழக்கம்போல் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைதோறும் கழுத்துக்குப் பயிற்சி என்று எங்கோ போய்வந்தார். பயிற்சி ஏற ஏற வலியும் ஏறியது. டாக்டரை மாற்றச் சொல்லி மகள் எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை.

அடுத்து சீட்டு. ஆய்வாளர் உட்காரும்போதெல்லாம் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அளந்தார். பதினொரு சென்டிமீட்டர் முன்னால் வந்திருந்தது!

"சீட்டு தானா நகருதுய்யா!"

"சீட்டு நகர்ற தண்டவாளம் தேஞ்சிருக்கும் சார்" என்றார் மெக்கானிக், சலிப்போடு.

நகரவே கூடாது என்று சீட்டைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்துவிட்டார்கள். மறுவாரம் கூடத்து சோபாவின் தலையணை காருக்குள் கிடந்தது.

"வெயில் படட்டும்னு போட்டேன்" என்றார் மாமியார்.

ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனை தராசுக்காரர்களைப் பிடித்தவர்! இது ஒரே ஆள் செய்யும் வேலைதான் என்ற முடிவுக்கு வந்து, மெக்கானிக்கை மடக்கினார்.

"உண்மையைச் சொல்லு. என் வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போய்ச் சுத்தற?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டார். "மூணு வாரமா வண்டி உங்க வாசல்ல நிக்குது. நான் என்ன, கனவுலயா வந்து ஓட்டறேன்? வேற ஆளைப் பாத்துக்குங்க சார்!"

போனவர் போனவர்தான். போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள். ஆய்வாளர் தலைகீழாக நின்று, முன்சக்கரங்களைத் தானே கழற்றி மாட்டினார். மாட்டி முடித்தபோது தரையில் மூன்று போல்ட்டுகள் மிச்சமிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் மாலை ஆபீசிலிருந்து வந்து தேடினால் போல்ட்டுகளைக் காணோம்.

"அத்தை, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு, மாப்பிள்ளை" என்றார் மாமியார், கழுத்தைப் பிடித்துக்கொண்டே. "போய்ச் சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, டிராக் வாசலில் கார்களைச் சோதித்து அனுமதிக்கும் வரிசையில் நின்றார் ஆய்வாளர். வாழ்நாளெல்லாம் பிறரைச் சோதித்தவரை இன்று ஒருவர் சோதிக்கப்போகிறார். இங்கே திருப்பி அனுப்பினால் நாளைக்குக் கார் கிடையாது. இத்தனை மாத உழைப்பும் கிடையாது, கல்லூரிக் காலத்து ஆசையும் கிடையாது.

அட்டையும் பேனாவுமாகச் சோதனைக்காரர் வந்தார். ஆய்வாளருக்கு நாக்கு குழறியது. "டிஸ்க் கொஞ்சம் தேஞ்சிருக்கும்... டயரும் விளிம்புல... மூணு போல்ட்டு வேற எங்கன்னு..."

சோதனைக்காரர் குனியவில்லை. டயரைத் தொடவில்லை. அனுமதி வில்லையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

"என்ன சார், பாக்காமலேயே ஒட்டறீங்க?"

"புதன்கிழமை தவறாம பாக்கற வண்டியை இன்னும் என்ன பாக்கறது சார்? முப்பது வருஷம் பக்கத்து சீட்டு பிரேக்குலயே காலை வெச்சிருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்தம்மா இங்கதான் தீத்துக்கறாங்க. 'ஞாயித்துக்கிழமை என் மருமகன் வருவார், புதுசு, அவரை மெதுவா ஓட்டறவங்க வரிசையில விடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க!"