இறாலுக்கு ஏசி

என் வீட்டுக்குள் ஏசி நுழையாது என்று முடிவெடுத்துப் பதினோரு கோடை ஆகிறது. எங்கள் பிங்தோங் ஊரே ஏசி போட்டுக்கொண்டு போர்வைக்குள் நடுங்குகிறது. சுகவாசிகள்! மனிதன் என்றால் வியர்க்க வேண்டும் என்று மனைவி சியூ-லானுக்கு ஆண்டுதோறும் விளக்கினேன். அவள் விசிறிக்கொண்டே கேட்பாள்.

இந்த ஜூனில் என் கண்ணாடித் தொட்டிக்கு இருபது நன்னீர் இறால் வாங்கினேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டவை. பக்கத்து வீட்டுச் சுவாங் வளர்க்கும் சிவப்பு இறாலைச் சாக்கடையில் விட்டாலும் குஞ்சு பொரிக்கும். அவருக்கு அது போதும். என்னுடையவை உயர்குடி, தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உயிரை விட்டுவிடும். முதல் வாரத்திலேயே நான்கு விட்டன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மானத்தை விட்டு ஏசி வாங்கினேன். ஆனால் அது இறாலுக்கு மட்டும், தொட்டி இருக்கும் சாமான் அறையில்தான் மாட்ட வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். சியூ-லான் தலையை ஆட்டினாள். அவளுக்கு அவ்வளவுதான் மூளை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்தால் ஏசி படுக்கையறையில் ஓடுகிறது. தொட்டியும் அங்கே. சாமான் அறைக்கு வெளிச்சுவரே இல்லை, வெளி மிஷினை எங்கே மாட்டுவது என்று ஏசிக்காரர் கேட்டாராம்.

விடுவேனா? அவள் அங்கே சொகுசாகப் படுக்கக் கூடாதென்று கதவில் நோட்டீஸ் ஒட்டினேன். சென்ட், தைலம் கூடாது. சத்தம் கூடாது. தொட்டி அதிரக் கூடாது. மீறினால் வெளியே. அன்றே சென்ட் பாட்டிலைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். பூனைபோல் நடந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு மதியம். வெளியே முப்பத்தாறு டிகிரி. சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட உள்ளே போனேன்.

"ஏங்க, கழுத்துல என்ன, பச்சைத் தைலமா?"

"கொசு கடிச்சுது. தடவினேன்."

"தைலம் தண்ணில பட்டா அத்தனையும் செத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கழுவிட்டு வரேன்."

"குறட்டையை எங்க போய்க் கழுவுவீங்க? நீங்க ஒரு இழுப்பு இழுத்தா தொட்டியே ஆடுது. நேத்துலேருந்து ஒண்ணு வயித்துல முட்டையோட இருக்கு. மிரண்டு உதறிட்டா என்னைக் கேக்கக் கூடாது."

முட்டையா! இறால் வளர்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. மூங்கில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மின்விசிறி அனல் காற்றை அள்ளி அள்ளி என் மேல் கொட்டியது. கதவிடுக்கில் பார்த்தால், சியூ-லான் மெத்தைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வாரப்பத்திரிகை படிக்கிறாள்.

அரைமணிதான் தாங்கினேன். கதவை மெல்லத் தட்டினேன்.

"சியூ-லான், வேர்த்துக் கொட்டுதுடி. உயிரே போயிடும் போலிருக்கு."

கதவு திறக்கவில்லை. பதில் மட்டும் வந்தது.

"நீங்க என்ன எறாவா?"