சாவி அரும்பாவூரில் இருந்தது

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கொடுத்த மனுவைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். (சாதாரணக் கூச்சம் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் ரசம் வரவில்லை. கேட்க வெட்கப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே நான்தான்.)

செந்துறையில் என் வீடு. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் பதினான்கு வருஷமாக ஒப்பந்தக் கூலி. இரண்டு வருஷத்துக்கு முன் எங்களில் நான்கு பேரை நிரந்தரம் ஆக்குவதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவன் நான். ஆலையின் இணையதளத்துக்குள் போய், அவர்கள் சொன்ன தேதியில் மாலை ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்தத் தளத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பாஸ்கீ என்றார்கள். போனுக்குள் ஒரு சாவி இருக்குமாம். விரலை வைத்தால் அதுவே கதவைத் திறந்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினான்கு வருஷம் சிமெண்ட் மூட்டை தூக்கிய கையில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடையிலும் எனக்கு ரேகை விழாது. எங்கள் பக்கத்தில் யாருக்கு ரேகை விழுகிறதோ அவர்தான் ரேஷன் வாங்கப் போவார். எங்கள் வீட்டில் அது என் மனைவி செல்வி. அந்தப் பழக்கத்தில் போனிலும் அவள் விரலையே பதிந்துவிட்டோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து அந்த ஒரே போன்தான்.

செல்வி பன்னிரண்டாவது படித்தவள். அந்த இரண்டு வருஷ வித்தியாசம் போனைக் கையில் எடுத்தால் தெரியும். சாவியை எங்கே வைக்கட்டும் என்று போன் கேட்டபோது, அவள் அதைப் போனிலேயே வைக்கவில்லை. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க என்று தனியாக ஒரு ஆப் போட்டிருந்தாள், அதற்குள் வைத்தாள்.

“போன் கெணத்துல வுழுந்தாலும் இதுல இருக்கற சாவி போவாதுங்க. வேற போன்ல எடுத்துக்கலாம். ஆனா இந்த ஆப்புக்குன்னு ஒரு பாஸ்வேர்டு இருக்கு. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. மறந்தா அந்த ஆப்புக்காரனுக்கே தெரியாது” என்று சொல்லி, அது என்ன என்பதையும் சொன்னாள்.

நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். “ம்” என்றேன்.

அதற்கு அடுத்த மாதம் அவள் தம்பி குமரேசனின் மகளுக்குக் காதுகுத்து. அரும்பாவூரில். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சட்டையும் போட்டுவிட்டேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில் எங்கே உட்காருவது என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“உங்களக் கட்டிக்கிட்டு எல்லா விசேஷத்துக்கும் தாலி அறுத்தவ மாதிரி ஒத்தையிலதான் போறேன்” என்றாள் செல்வி. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போனவள், விசேஷம் முடிந்தும் வரவில்லை.

எனக்கும் கோபம் வரும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்றால் நன்றாகவே வரும். மூன்றாம் நாள் போனை எடுத்து, பூட்டு எண்ணைப் போட்டுத் திறந்து, அவள் விரலை அழித்தேன். ‘என் போனில் உனக்கென்ன விரல்?’ என்று சுவரைப் பார்த்து வீரமாகக் கேட்டேன். பிறகு என் பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சோப்புப் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, சட்டையில் தேய்த்து, கடைசியில் இடது கைச் சுண்டுவிரலைப் போன் ஏற்றுக்கொண்டது. ஒரு ராஜ்ஜியத்தைப் பிடித்த மாதிரி இருந்தது.

சம்மதம் சொல்ல வேண்டிய நாள் எனக்கு வார லீவு. காலை பத்து மணிக்குத் தளத்தைத் திறந்து சுண்டுவிரலை வைத்தேன். ஆப் திறக்கவில்லை. விரல் பதிவு மாறியிருக்கிறது, பாஸ்வேர்டைப் போடு என்றது. (போனில் புது விரல் ஏறினால் அந்த ஆப்புக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். எவனோ திருடன் தன் விரலைப் பதிந்துவிட்டான் என்று எந்த விரலையும் நம்பாதாம். திருடன் நான்தான்.)

என் பெயரைப் போட்டேன். தப்பு. ஹாஸ்டலில் படிக்கும் மகள் பெயர். தப்பு. என் அம்மா பெயர், குலசாமி பெயர், கல்யாணத் தேதி, எல்லாம் தப்பு. அவள் செல்லமாக வளர்க்கும் ஆட்டுக்குட்டியின் பெயரையும் போட்டேன். ஆலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “புது பாஸ்கீ போட ரெண்டு நாளாவும். பழைய சாவி எங்க வச்சீங்கன்னு பாருங்க” என்றார் அங்கிருந்த பெண்.

இனி செல்வியிடம் கேட்பதுதான் வழி. ஒரு வார்த்தை. குமரேசன் எண்ணுக்குப் போட்டேன். அவனே எடுத்தான்.

“சொல்லுங்க மாமா.”

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

“சும்மாதான் மாப்ள… அங்க மழ பேயுதா?”

“இல்லயே மாமா. வெயில் கொளுத்துது.”

“சரி, சரி” என்று வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தையைப் போனில் கேட்கத் தைரியமில்லாதவன், மத்தியானம் வரை தயங்கிவிட்டு மூன்று பஸ் ஏறினேன். செந்துறையிலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரும்பாவூர். வாசலில் போய் நின்றபோது மணி நாலு இருபது. நாற்பது நிமிஷம் கையில் இருந்தது. அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

“அக்கா, யாரு வந்திருக்காங்க பாருங்க! வாங்கண்ணே, வாங்க” என்று குமரேசன் மனைவி நாற்காலி போட்டாள். விசேஷத்துக்கு வந்து தங்கிவிட்ட உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செல்வி உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவளே காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“சாப்பிட்டீங்களா? மூணு பஸ்ஸு மாறியா வந்தீங்க?”

அவளைக் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். உள்ளே அவள் பையில் துணி அடுக்குவது கதவு வழியாகத் தெரிந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்து. சொல்லவில்லை. முறுக்கு வந்தது. தின்றேன். நாலு ஐம்பது. சொல்லவில்லை. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, பையோடு என் எதிரில் வந்து நின்றாள்.

“கெளம்பலாமா?”

“அந்த ஆப்பு பாஸ்வேர்டு என்னா?” என்றேன்.

உட்கார்ந்திருந்த எல்லாரும் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதுக்காகவா வந்தீங்க?”

“அஞ்சு மணிக்குள்ள சம்மதம் போடணும் செல்வி. பர்மனெண்ட் வேல…”

பையைக் கீழே வைத்தாள். “என்னென்ன போட்டுப் பாத்தீங்க?”

அவள் கேட்டது எதற்கு என்று புரியாமல் பள்ளிக்கூடப் பிள்ளை போல வரிசையாக ஒப்பித்தேன். என் பெயர், மகள், அம்மா, குலசாமி. ஆட்டுக்குட்டிக்கு வந்ததும் ஒரு கிழவர் புரையேறிச் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

“எம் பேரு போட்டீங்களா?”

நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன்.

“செல்வி அரும்பாவூர். சேத்து எழுதணும். அன்னைக்கே சொன்னேன்” என்றாள்.

இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை ஆப் திறந்தது. தளமும் திறந்தது. மணி ஐந்து நாலு. பொத்தான் இருந்த இடத்தில், காலக்கெடு முடிந்தது என்று எழுதியிருந்தது.

“வுடுங்க மாமா, ஆட்டுக்குட்டிய வேலைக்கு அனுப்பிருவோம்” என்றான் குமரேசன். அதற்கு நானும் சிரித்தேன் என்பதை எழுதத்தான் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது.

இன்றும் எங்கள் உறவில் யாராவது எதையாவது மறந்து முழித்தால், “பொண்டாட்டி பேரப் போட்டுப் பாரு, தொறக்கும்” என்பார்கள். வளைகாப்பில் சொன்னார்கள். ஒரு சாவு வீட்டில், பீரோ திறக்கவில்லை என்றபோதும் சொன்னார்கள். எல்லாரும் சிரிக்கும்போது செல்வி மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அன்று அரும்பாவூரிலிருந்து தனியாகத் திரும்பி, மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனேன். மற்ற மூன்று பேருக்கும் எனக்கு அடுத்த ஆளுக்கும் நிரந்தர ஆட்கள் போடும் நீலச் சட்டை கொடுத்தார்கள். நான் லாரியில் மூட்டை ஏற்றினேன். செல்வி அன்றைக்கும் வீடு திரும்பவில்லை.