ரோமம் பார்க்கும் ஞானி

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்புச் சங்க அலுவலகத்திலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் அவரவர் வீட்டு நாயின் ரோமம். உள்ளே ஞானி. பொட்டலத்தை அவர் பிரிப்பதே இல்லை, ஞானக்கண் போதும். அதன்மேல் நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் சாது ரத்தம். இடமாகச் சுற்றினால் கொலைகார ரத்தம், நாய் உடனே வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். எங்கே போவது என்ற கவலையைக்கூட அவர் யாருக்கும் வைக்கவில்லை. பின்பக்கம் அவருடைய வேன் தயாராக நின்றது.

வரிசையில் சலூன்காரரும் நின்றார். அவருடைய டாபர்மேன் பட்டாணியை வாசல் கம்பியில் கட்டியிருந்தார்கள். போன வாரமே சங்கத் தலைவர் கடைக்கு வந்து அதற்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"இந்த இனத்துக்கு மூளை வளரும், மண்டை வளராது. நெருக்குதல் தாங்காம பைத்தியம் பிடிச்சு, வளர்த்தவனையே கடிக்கும். ஞானி பேசின வீடியோ பாத்தேன்."

"மண்டையைத் திறந்து பாத்தாராமா தலைவரே?"

"அவருக்கு எதுக்குய்யா திறக்கணும்?"

"உட்காருன்னா உட்காருது, இருன்னா இருக்குது. பழக்கி வச்சிருக்கேன்."

"எல்லாம் நடிப்பு. இந்த இனத்தைப் பழக்கவே முடியாது."

பட்டாணி ஐந்து வருடமாக நடித்தது. தலை காயவைக்கும் மெஷின் சத்தம் கேட்டால் நாற்காலிக்கு அடியில் ஒளிந்தும் நடித்தது. தலைவர் வீட்டுப் பஞ்சு நாய்க்குத்தான் நடிக்கத் தெரியாது. தபால்காரரை மூன்று முறை கடித்திருந்தது. விளையாடுகிறதாம்.

மனைவி போன பிறகு சலூன்காரர் வீட்டில் வாய் திறந்து பேசுவது பட்டாணியிடம் மட்டும்தான். அது வேனில் ஏறிவிட்டால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. வேனில் இதுவரை ஏறியவை ஆறு. ஆறுமே விலை உயர்ந்த சாதி நாய்கள். ஒரு தெரு நாய்க்குக்கூடக் கொலைகார ரத்தம் வாய்க்கவில்லை, பாவம்.

அவர் முறை வந்தது. இரண்டு பொட்டலங்களை வைத்தார்.

"இது டாபர்மேனுங்க."

குண்டு இடமாகச் சுற்றியது. ஞானி கண்களை மூடினார். "மூளை மண்டையை முட்டுது. மூணே மாசம். ஆளை முடிச்சிரும்."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"இது தலைவர் வீட்டு நாய் மாதிரி பஞ்சு நாயிங்க."

குண்டு வலமாகச் சுற்றியது. "பச்சைக் குழந்தை!"

"ரெண்டும் ஒரே ரோமமுங்க ஐயா."

"எந்த நாயோடது?" என்று சிடுசிடுத்தார் ஞானி.

"நாயே இல்லீங்க. காலையில தலைவர் உங்களை என் கடைக்குக் கூட்டிட்டு வந்தாரே, அப்ப நான் ஒதுக்கிவிட்ட உங்க தாடி."

"பொய்! அபாண்டம்!"

சலூன்காரர் பொட்டலங்களைப் பிரித்தார். இரண்டிலும் ஒரே குட்டை முடி. தண்ணீர் தெளித்து வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்தார். தாள் கறுத்தது.

"டாபர்மேனுக்குச் சாயம் பூசுவாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க."

எல்லோரும் ஞானியின் கன்னங்கரேலென்ற தாடியைப் பார்த்தார்கள். ஞானிக்குத் திடீரென்று அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. வேனுக்கு ஓடினார். நாய்க்காரர்கள் அவருக்கு முன்பே ஓடிக் கதவைத் திறந்திருந்தார்கள். ஆறு கொலைகாரர்களும் குதித்து இறங்கினார்கள். யாரையும் கொல்லவில்லை. ஒன்று மட்டும் டயரை நனைத்தது.

சலூன்காரர் பட்டாணியை அவிழ்த்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. தலைவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் ஏமாத்துக்காரன், ஒத்துக்கறேன். ஆனா அந்த மூளை வளர்ற விஷயம் மட்டும் நெசம்தானே?"

சலூன்காரர் அவருடைய தலையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"தலைவரே, நீங்க முடி வளர்க்க மட்டும் தலையை வச்சிருந்தா எனக்கு வியாபாரம்தான். ஆனா அப்பப்ப அதை வச்சு யோசிச்சும் பாருங்க."